நாலு கியரும் பின்னால்

மூச்சுவாங்கி என்று நாங்கள் பேர் வைத்த மேட்டில் மூன்றாவது வளைவு வந்ததும் பெலார்மினோ ஹாரனை ஒரு தடவை அடிப்பான். முன்சீட்டில் இருக்கும் அவன் மனைவி எர்மெலிண்டா கதவைத் திறந்து இறங்குவாள். ரூவானாக் கம்பளியைத் தோளோடு சுருட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போவாள். சேற்றில் ரப்பர் பூட்ஸை ஊன்றி, டிக்கிக் கதவுக்கு முதுகைக் கொடுப்பாள். ஒன்பது வருஷமாக, மழை வெயில் பார்க்காமல், லா ஓயாவின் பால் இப்படித்தான் மேலே ஏறியது.

எங்கள் லா ஓயா ஒரு பள்ளம். பதினோரு வீடு, முப்பது சொச்சம் மாடு, உருளைக்கிழங்கு, அவரை, சுற்றிலும் மலை. எங்களுக்கு மாடு கொடுத்த கடவுள், பாலைக் குளிர வைக்கும் தொட்டியை மட்டும் மேலே சான் ரோகேயில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பள்ளத்திலிருந்து சான் ரோகேக்கு இருப்பது ஒரே பாதை, அதில் போவது ஒரே வண்டி. பெலார்மினோவின் ரெனோ-4. நீல நிறம் என்று பழைய காகிதத்தில் எழுதியிருக்கிறது. ஆயிரம் சி.சி. எஞ்சின், அதிலும் பாதிக் குதிரைகள் எப்போதோ செத்துப்போயிருந்தன.

மே மாதம் எர்மெலிண்டாவுக்குக் குடல் இறங்கிவிட்டது. சோகமோசோ ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான்தான் போயிருந்தேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"கார் தள்ளுறேன்."

"கார் ஓட்டுறீங்களா?"

"ஓட்டுறது அவரு டாக்டர். நான் தள்ளுறேன். தெனமும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்திருப்பதாகவும், இனிமேல் தள்ளினால் அடுத்த தடவை தைக்க இடம் இருக்காது என்றும் அவர் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எர்மெலிண்டா வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் பக்கத்தில் மரியாதை குறையாமல்தான் சண்டை போடுவோம். புருஷனுக்கும் நீங்க, பொண்டாட்டிக்கும் நீங்க, கோழியைத் தின்ற நாய்க்கும் நீங்கதான். அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டையும் அப்படித்தான் நடந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. அவரை பறித்துக்கொண்டிருந்தேன், காது தானாகத் திறந்திருந்தது.

"நம்ம மக அல்சீரா பொகோத்தால எடம் பாத்து வெச்சிருக்கா. ஒரு கட்டடத்துக்குக் காவல். தங்க ரூம் குடுப்பாங்களாம். உங்களுக்கும் எனக்கும் சேத்து" என்றாள் எர்மெலிண்டா.

"மாடு?"

"மாட்ட லிஃப்ட்ல ஏத்தமாட்டாங்க."

"நான் அங்க போயி என்ன பண்றது? கதவத் தெறந்து கதவச் சாத்துறதா?"

"இங்க மட்டும் என்ன பண்றீங்க? ஹாரன் அடிக்கிறீங்க. நான் எறங்குறேன்."

அவள்தான் மறுபடி பேசினாள்.

"கார்மென் மாதா நாள் வரைக்கும் பாக்குறேன். அன்னைக்கு வண்டி தானா மேல ஏறிச்சுன்னா இருக்கலாம். ஏறலன்னா ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி நாம பொகோத்தால இருப்போம். சூப் ஆறுது, வாங்க."

எனக்கு அவரை பறிக்கக் கை வரவில்லை. இவர்கள் போய்விட்டால் எங்கள் பதினோரு வீட்டுப் பாலும் பன்றிக்குத்தான். அதைவிட, அந்த வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் இல்லாமல் நான் எப்படி அவரை பறிப்பேன்?

கார்மென் மாதா ஓட்டுநர்களின் தாய். ஜூலை பதினாறாம் தேதி அவளுக்குத் திருவிழா. நாட்டிலுள்ள லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் பலூன் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கும். பால் சங்கத் தலைவர் தோன் எலியேசரும் அந்த நாளைத்தான் கெடுவாக வைத்தார். அதுவரை லா ஓயாப் பால் தாமதமாக வந்தாலும் பொறுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு காலை ஆறரைக்கு மேல் வந்தால் தொட்டி மூடி திறக்காது. பால் லாரி யாருக்காகவும் நிற்காதாம்.

பெலார்மினோ வேலையில் இறங்கினான். நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள சினைக்கிடாரியைக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு விற்கப் போனான். மூன்றாம் நாள் ஒரு உருளைக்கிழங்கு லாரியின் மேல் உட்கார்ந்து திரும்பி வந்தான். மூட்டைகளுக்கு நடுவில், தார்ப்பாய் போர்த்தி, ஒரு ரெனோ-12இன் எஞ்சினும் கியர் பாக்ஸும் இருந்தன. மருந்துக் கடைக்காரர் ஒருவரின் கார். பின்பக்கம் லாரி மோதி அப்பளமாகிவிட்டது, முன்பக்கம் மட்டும் புதுப்பெண் மாதிரி இருந்ததாம். ஆயிரத்து முந்நூறு சி.சி.

கூடவே சவுல் வந்தான். எர்மெலிண்டாவின் தம்பி, துயித்தாமாவில் மெக்கானிக். கை வேலையில் கெட்டி. வாய் அதைவிடக் கெட்டி.

"மாமா, இனிமே இந்த மேடு உங்களப் பாத்துப் பயப்படும்" என்றான் வந்ததும்.

"பயப்பட வேணாம் மச்சான். வழி விட்டாப் போதும்."

மாட்டுக் கொட்டகையின் யூகலிப்டஸ் உத்தரத்தில் செயின் பிளாக்கைக் கட்டினார்கள். பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அது ஒரு நாய்க்குட்டி அளவுதான் இருந்தது. இதையா ஒன்பது வருஷம் நம்பினோம் என்று எனக்கே ஆகிவிட்டது. வெளியே ஜூலை மழை, நூல் நூலாக, நிற்காமல். வெல்டிங் பிடிக்கும்போதெல்லாம் பதினோரு வீட்டிலும் பல்பு கண்ணடித்தது. எர்மெலிண்டா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து என் கோவேறு கழுதைகள் இரண்டும்தான் பால் சுமந்தன. இரண்டு நடை. ஒரு நாள்கூட ஏழரைக்கு முன்னால் போய்ச் சேரவில்லை.

எர்மெலிண்டா கொட்டகை வாசலில் ஒரு பால்கேனைக் கவிழ்த்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுவாள். வெல்லத் தண்ணி சூடாகக் கொடுப்பாள், கூடவே சோள ரொட்டி, கைப்பிடியளவு பாலாடைக்கட்டி. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கேட்டதெல்லாம் நான்தான்.

"ஏன் தம்பி, கியர் பாக்ஸும் மாத்தணுமா? எஞ்சின் மட்டும் போதாதா?"

"ஒதிலியாக்கா, பழைய கியர் பாக்ஸ் பல்லு போன கெழவி. இந்த எஞ்சின் குடுக்குற அடியத் தாங்காது. அதான் சேத்தே வெக்கிறேன். ஃபாக்டரில பூட்டுனத நாம பிரிக்கக்கூடாது."

"எடம் பத்துமா?"

"அங்கதான் மூள வேணும். ரெனோ-12ல எஞ்சின் முன்னாடி, கியர் பாக்ஸ் பின்னாடி. இதுல கியர் பாக்ஸ் முன்னாடி, எஞ்சின் பின்னாடி. பிரிக்காம அப்படியே அரைச் சுத்துச் சுத்தித் திருப்பி வெச்சா கச்சிதமா உக்காரும்."

"உக்காருமா?"

"அளந்துட்டேன்க்கா. ரேடியேட்டருக்குக்கூட எடம் மிச்சம்."

பேஷ் என்று பாராட்டியவள் நான். லாந்தர் பிடித்தவளும் நான். பிறகு ஊர் சிரித்தபோது என் பங்கையும் ஒப்புக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் வேலை முடிந்தது. மழை சற்று ஓய்ந்திருந்தது. பதினோரு வீட்டு ஜனமும் பீர் பாட்டிலோடு கொட்டகை முன்னால் நின்றது. சவுல் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? சளி பிடித்தவன் மாதிரி இருமிக்கொண்டிருந்த வண்டி, கோயில் மணி மாதிரிப் பேசியது. பெலார்மினோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். எர்மெலிண்டா கத்தியை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"மாமா, நீங்களே ஓட்டுங்க. உங்க வண்டி."

பெலார்மினோ உட்கார்ந்தான். குடைப்பிடி போன்ற கியர் கம்பியை முதல் கியரில் தள்ளினான். எல்லோரும் வழியை விட்டு ஒதுங்கினோம். கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் பாய்ந்தது. கொட்டகையின் சுவரில்லாத பின்பக்கத்தைத் தாண்டி, அங்கிருந்த ஈரக் கரையில் விறுவிறுவென்று ஏறி, வேலியை முறித்து, என் அவரைப் பந்தலைத் தலையில் சூடிக்கொண்டு நின்றது.

"ரிவர்ஸ் போட்டுட்டீங்க மாமா!"

"முதல்தான் மச்சான் போட்டேன்."

"ரெண்டாவது போடுங்க."

இரண்டாவதும் பின்னால். மூன்றாவதும் பின்னால். நாலாவதைப் போட்டுப் பார்க்க என் தோட்டத்தில் இடம் இல்லை. கடைசியில் ரிவர்ஸைப் போட்டான். வண்டி நல்ல பிள்ளையாக, அவரைக் கொடியோடு, மெதுவாக முன்னால் வந்தது.

வயசான பிலேமோன் தாத்தா பீரைத் துப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சவுல் மட்டும் தரையில் குந்தி ஈர மண்ணில் குச்சியால் சக்கரம் சக்கரமாக வரைந்தான்.

"திருப்பி வெச்சோமில்ல… எல்லாமே திரும்பிருச்சு" என்றான். அவன் குரல் தேய்ந்திருந்தது. "உள்ள இருக்குற பெரிய பல்சக்கரத்த இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் மாத்திப் போட்டிருக்கணும். தெரிஞ்ச விஷயம்தான் மாமா. அளக்குறதுலயே புத்தி போயிருச்சு."

"இப்ப மாத்த முடியுமா?"

"மறுபடி எறக்கணும். சோகமோசோ கொண்டுபோகணும். பட்டறைங்க திங்கக்கிழமைதான் தெறப்பாங்க. பத்து நாள் ஆகும்."

கார்மென் மாதா நாள் விடிந்தால் வந்துவிடும். எர்மெலிண்டா பானையைத் தூக்கி வந்தாள். எல்லோருக்கும் சூப் ஊற்றினாள். தம்பி சாப்பிடமாட்டேன் என்றபோது, "சாப்பிடுங்க, சக்கரம் திரும்பினா வயிறும் திரும்பிருமா?" என்று அவன் கையில் கிண்ணத்தை வைத்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு பெலார்மினோ சொன்னான்: "ஒரு கியர் முன்னாடி போகுது. மேட்டுக்கு ஒரு கியர் போதும். காலைல ஏத்துறேன்."

ராத்திரி முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. நாலு மணிக்கே எல்லோரும் பால் கறந்தோம். வெளுக்கும்போது எட்டு கேன் ஏறியிருந்தது. எர்மெலிண்டா முன்சீட்டில் உட்கார்ந்தாள். கேன்களுக்குக் கயிறு கட்டியாயிற்று. சவுல் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் கழுதை மேல் பின்னால் போனேன்.

முதல் வளைவு ஏறியது. இரண்டாவது வளைவும் ஏறியது. பழைய எஞ்சின் அங்கே அழுது முடித்திருக்கும். இது பாட்டுக்கு உறுமிக்கொண்டே போனது. நான் கார்மென் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. எஞ்சின் நிற்கவில்லை, அது கத்தியது. முன்சக்கரங்கள்தான் சேற்றில் வெறுமனே சுற்றின. எட்டு கேன் எடையும் பின்னால் உட்கார்ந்திருந்ததால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. தெறித்த சேறு என் கழுதையின் கண்ணில் விழுந்தது.

கதவு திறந்தது. எர்மெலிண்டா இறங்கினாள். ரூவானாவைத் தோளில் சுருட்டினாள். பூட்ஸை ஊன்றி முதுகைக் கொடுக்கப் போனாள்.

எஞ்சின் சட்டென்று நின்றது. பெலார்மினோ ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"தள்ளிப் போங்க."

"கொஞ்சந்தான். சக்கரம் பிடிச்சுக்கிட்டா ஏறிரும்."

"தள்ளிப் போங்கன்னு சொல்றேன்!"

"பால் கெட்டுப்போயிரும். மணி ஆறாகப் போகுது."

"கெடட்டும்! எடைதானே அதிகம்? இதோ கொறைக்கிறேன்."

கயிற்றை அவிழ்த்தான். ஒரு கேனை இழுத்துப் போட்டான். மூடியைத் திறந்து அப்படியே சாய்த்துவிட்டான். நாற்பது லிட்டர் பால் செம்மண் சேற்றில் வெள்ளையாக ஓடியது. அது என் மாட்டுப் பால். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அது தோன்றவேயில்லை. பிறகுதான் தோன்றியது.

"எட்டையும் கொட்டிருவேன்" என்றான் பெலார்மினோ. "ஒம்போது வருஷம் ஹாரன் அடிச்சேன். எறங்குனீங்க. ஒரு நாள்கூட எனக்கு உறைக்கல. உங்க வயித்துல இருக்குற தையல் நான் போட்டது. பொகோத்தா போலாங்க. கதவத் தெறந்து கதவச் சாத்துறேன். நீங்க தள்ளவேணாம்."

எர்மெலிண்டா அவனையே பார்த்தாள். ரூவானாவைத் தோளிலிருந்து மெல்ல இறக்கிவிட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. என் கண்ணும்தான். சவுல் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நேத்து வண்டி ஒதிலியாக்கா தோட்டத்துக்குள்ள எப்படிப் போச்சு?"

"பின்னாடியே போச்சு. ஏன்க்கா குத்திக் காட்டுறீங்க?"

"அந்தக் கரை மேடுதானே? ஈரமாத்தானே இருந்துச்சு? சக்கரம் சுத்துச்சா?"

சவுலின் வாய் திறந்தது. கல்லைக் கீழே போட்டான், தன் காலிலேயே.

"ஐயோ! திருப்பி நிறுத்திப் பின்னாடியே ஏத்துனா எடை முன்சக்கரத்து மேல சாயும். சேத்துல கவ்விக்கும்! நாலு கியரும் இருக்கு!" ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கத்தினான். "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலஞ்சிருக்கோம் மாமா!"

வண்டியை இரண்டாவது வளைவு வரை மெல்ல இறக்கி, அங்கே இருந்த அகலத்தில் திருப்பி நிறுத்தினார்கள். இப்போது அதன் பின்பக்கம் மலையைப் பார்த்தது. ஆனால் பெலார்மினோ திரும்பிப் பார்த்தால் தெரிவது கேன்கள்தான், பாதை தெரியாது.

"நான் பாக்குறேன்" என்றாள் எர்மெலிண்டா.

டிக்கிக் கதவை மேலே தூக்கிக் கட்டினார்கள். கேன்களுக்கும் வாசலுக்கும் நடுவே தீவன மூட்டை போட்டு அவளை உட்கார வைத்தார்கள், பிடித்துக்கொள்ளக் கையில் ஒரு கயிறு கொடுத்தார்கள். என் கழுதையைச் சவுல் பிடித்துக்கொண்டான். "ஏறுங்கக்கா, முன்பக்கம் எடை வேணும்" என்றான் பெலார்மினோ. என் எடைக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை கிடைத்தது.

வண்டி புறப்பட்டது.

"வலது! வலது!" என்று பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

"உங்க வலதா, என் வலதா?"

"ஐயோ, பள்ளம்! பள்ளம்!"

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க!"

"வலதும் வேணாம் எடதும் வேணாம். மலைப்பக்கம்னு சொன்னா மலைப்பக்கம் திருப்புங்க. பள்ளத்துப்பக்கம்னா பள்ளத்துப்பக்கம்!"

"சரிங்க!"

"மலைப்பக்கம்… இன்னும் கொஞ்சம்… அவ்வளவுதான். நேரா. நேரா!"

மூன்றாவது வளைவு வந்தது. கொட்டிய பால் இன்னும் சேற்றில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் ஒரு தடவை வழுக்கியது, பிறகு கவ்வியது. கண்ணைத் திறந்தபோது எங்கள் பதினோரு கூரையும் புகையும் என் முன்னால் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. பெலார்மினோ இரண்டாவது கியர் போட்டான். அந்த மேட்டில் ஒருவன் இரண்டாவது கியர் போடுவதை அன்றுதான் பார்த்தேன்.

"ஏங்க! இங்கருந்து ஏரி தெரியுதுங்க!" என்று எர்மெலிண்டா கூவினாள். "இந்த எடத்துல நான் கீழயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்!"

"வழியப் பாருங்க!"

"அதையும்தான் பாக்குறேன்! மலைப்பக்கம்!"

சான் ரோகேயில் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியாருக்கு அன்று ஏழு ஊர் இருந்ததால் எங்கள் முறை விடிகாலையிலேயே வந்திருந்தது. காகிதப் பூவும் பலூனும் கட்டி, பஸ், லாரி, டிராக்டர் என்று முப்பது வண்டி வரிசையில் நின்றன. அந்த வரிசைக்குள் நாங்கள் பின்பக்கமாக வந்து நுழைந்தோம். ஹாரன்கள் ஒன்றாக அலறின.

"பெலார்மினோ, சான் ரோகே இந்தப் பக்கம்!"

"பொண்டாட்டிக்குப் பயந்து பின்வாங்கிட்டு வர்றீங்களா?"

தோன் எலியேசர் தொட்டி வாசலில் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு இருபத்தேழு. ஒவ்வொரு கேனாகத் திறந்து மோந்து பார்த்து ஊற்றினார்.

"ஒரு கேன் கொறையுதே?"

"அது என்னோடது. மேட்டுக்குக் குடுத்துட்டோம்" என்றேன்.

அதற்குள் சாமியார் வாளியும் இலைக்கொத்துமாக எங்களிடம் வந்தார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். எந்தப் பக்கம் தெளிப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இதுல முன்பக்கம் எது, மகளே?"

எர்மெலிண்டா மூட்டை மேலிருந்து இறங்காமலே சொன்னாள்: "போற பக்கம்தான் முன்பக்கம், சாமி."

சாமியார் கொத்தை வாளியில் முக்கி ஓங்கி வீசினார். அத்தனை தீர்த்தமும் அவள் முகத்தில் விழுந்தது. திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள், பிறகு சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்" என்று சிரித்தாள்.

தோன் எலியேசர் பேனாவோடு வந்தார். கழுதையோடும் நொண்டிக் காலோடும் சவுலும் வந்து சேர்ந்தான், திங்கட்கிழமை எல்லாவற்றையும் இறக்கிச் சரியாக மாட்டித் தருகிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு.

"அது உங்க பாடு. எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றார் தலைவர். "நீங்க பொகோத்தா போறதாச் சொன்னாங்க. ஆகஸ்ட்லருந்து லா ஓயாப் பால யார் பேர்ல எழுதுறது?"

எர்மெலிண்டாவைப் பார்க்கக்கூட பெலார்மினோவுக்குத் தைரியம் வரவில்லை. தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் ரூவானா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க பேர்லயே எழுதுங்க. அவரு ஓட்டுவாரு. நான் வழி சொல்லுவேன்."

பெலார்மினோ சக்கரத்தில் ஏதோ பார்ப்பது போலக் குனிந்தான். வெகு நேரம் நிமிரவில்லை.